'பிக் அப்' என்றால் எத்தனை அர்த்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் பேசும்போதே நாம் 'பிக்கப்' என்ற சொல்லை விடுவதில்லை. "ஸ்டேஷனுக்கு வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்" என்கிறோம். "வண்டியில பிக்கப் இல்ல" என்கிறோம். "படம் இடைவேளைக்கு அப்புறம்தான் பிக்கப் ஆகுது" என்கிறோம். மூன்று வாக்கியம், மூன்று அர்த்தம், யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் அதே சொல் ஓர் ஆங்கில மின்னஞ்சலில் வந்துவிட்டால் கை அகராதியைத் தேடுகிறது. அகராதியைத் திறந்தால் இருபதுக்குக் குறையாத அர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதுதான் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவது. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தமிழே பாதி வேலையைச் செய்துவிடும். ஆங்கில உதாரணங்களை உச்சரிப்பு தெரியும்படி தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் எளிதாகப் புரியும்.

ஃப்ரேசல் வெர்ப் என்றால் என்ன?

ஒரு வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட், ஆன் போன்ற ஒரு சின்னச் சொல் சேர்ந்து, இரண்டும் ஒரே வினையாக வேலை செய்வது. 'பிக் அப்' அப்படி ஒன்றுதான். சேர்ந்த பிறகு வரும் அர்த்தம் இரண்டின் கூட்டலாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது நமக்குப் புதிதல்ல. 'விட்டுக்கொடுத்தான்' என்றால் எதையும் கையிலிருந்து விடவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. 'போட்டுக்கொடுத்தான்' என்றால் ஒருவனைப் பற்றி மேலிடத்தில் சொல்லி மாட்டிவிட்டான். 'கண்டுகொள்ளவில்லை' என்பதும் 'காணவில்லை' என்பதும் வேறு வேறு. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் இந்த இடத்தில் எப்படி விழிப்பாரோ, அப்படித்தான் நாம் ஃப்ரேசல் வெர்பைப் பார்த்து விழிக்கிறோம்.

இந்த விழிப்பு பழையதுதான். 1755இல் வெளியான தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் இதைச் சொல்லியிருக்கிறார்: வினைச்சொல்லின் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் வழக்கம்தான் அயல்நாட்டவருக்கு மிகப் பெரிய சிரமம் தருகிறது என்று. இதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் வழக்குக்கு வந்தது அதற்கு வெகு காலம் கழித்து. 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்ற எழுத்தாளர் அந்தப் பெயரை எழுத்தில் பயன்படுத்தினார்.

'பிக் அப்' என்பதற்கு அடிப்படை அர்த்தம் ஒன்று உண்டா?

ஒன்று என்று சொல்ல மாட்டேன். இரண்டு படங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம்: கீழே கிடக்கும் ஒன்று மேலே வருகிறது. தரையில் கிடக்கும் பேனாவை எடுப்பது இந்தப் படம். மந்தமாகக் கிடந்த வியாபாரம் எழுவதும், மெதுவாக உருண்ட ரயில் வேகம் எடுப்பதும், சோர்ந்திருந்தவர் தேறுவதும் இதே படம்தான்.

இரண்டாவது படம்: போகிற வழியில் கிடைத்ததைக் கையோடு சேர்த்துக்கொள்வது. வழியில் நிற்கும் நண்பரை வண்டியில் ஏற்றிக்கொள்வது, வரும்போது கடையில் ஒரு பொருளை வாங்கிக்கொள்வது, பழக்க தோஷத்தில் ஒரு மொழி நாக்கில் ஒட்டிக்கொள்வது, பயணத்தில் ஒரு காய்ச்சலைக் கூட்டிக்கொண்டு வருவது எல்லாம் இதில் அடங்கும். இந்த இரண்டாவது படத்தில் ஒரு முக்கியமான சாயல் இருக்கிறது. பெரிய திட்டமோ முயற்சியோ இல்லாமல், போகிற போக்கில் நடந்தது என்ற சாயல். அந்தச் சாயலைப் பிடித்துக்கொண்டால் கிட்டத்தட்ட எல்லா அர்த்தமும் தானாக வரும்.

வெறுமனே 'எடு', 'தூக்கு' என்ற அர்த்தத்தில் எப்படி வரும்?

"ஷி பிக்ட் அப் த பென்." அவள் பேனாவை எடுத்தாள். இதற்கு இணைச்சொல் 'லிஃப்ட்'. ஆனால் இரண்டும் முழுக்க ஒன்றல்ல. லிஃப்ட் என்றால் பாரம் தெரிகிறது, 'தூக்கு' மாதிரி. பிக் அப் என்றால் கையில் எடுப்பது. பேனாவுக்கு லிஃப்ட் என்று எழுதினால் அந்தப் பேனா ஏதோ இரும்பால் செய்தது போலத் தோன்றும். அழும் குழந்தையைத் தூக்குவதற்கும் பிக் அப்தான் இயல்பு.

விழுந்தவர் தானே எழுந்துகொள்வதற்கும் இதே சொல் உண்டு: "ஷி பிக்ட் ஹெர்செல்ஃப் அப்." தடுக்கி விழுந்து எழுந்தாலும் சரி, வாழ்க்கையில் ஒரு அடி வாங்கி எழுந்தாலும் சரி.

ஆளை 'பிக் அப்' செய்வது என்றால் ஏற்றிக்கொள்வது மட்டும்தானா?

பெரும்பாலும் அதுதான். "ஐ வில் பிக் யூ அப் அட் சிக்ஸ்" என்றால் ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்கிறேன். இணைச்சொற்கள் 'கலெக்ட்', 'ஃபெட்ச்'. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் "கலெக்ட் த சில்ட்ரன் ஃப்ரம் ஸ்கூல்" என்பது சர்வசாதாரணம். ஆட்களைப் போய் வசூல் செய்வது போலக் கேட்டாலும் அதில் தவறு எதுவும் இல்லை.

நாம் அடிக்கடி "ஏர்போர்ட்டுக்கு ரிசீவ் பண்ணப் போறேன்" என்கிறோம். அந்த இடத்தில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் பெரும்பாலும் 'மீட்' அல்லது 'பிக் அப்' என்றுதான் சொல்வார்கள். 'ரிசீவ்' என்றால் ஒரு விருந்தினரை முறைப்படி வரவேற்கும் சம்பிரதாய வாசனை வரும்.

ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, "த போலீஸ் பிக்ட் ஹிம் அப்." இதில் லிஃப்ட் கொடுக்கும் கதை இல்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. இணைச்சொல் 'அரெஸ்ட்' அல்லது 'டீடெய்ன்'. இரண்டாவது, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சுக் கொடுத்து, காதல் நோக்கத்தோடு நெருங்குவதற்கும் இதே சொல். "ஹி ட்ரைட் டு பிக் ஹெர் அப் அட் எ பார்ட்டி" என்றால் பார்ட்டிக்கு வந்து அழைத்துப்போக முயன்றான் என்று படித்துவிடக் கூடாது. அப்படிப் பேச்சைத் தொடங்கப் பயன்படும் வசனத்துக்கு 'பிக்கப் லைன்' என்றே பெயர்.

அப்படியானால் "ஐ பிக்ட் அப் மை சிஸ்டர் ஃப்ரம் த ஸ்டேஷன்" என்று சொல்லப் பயப்பட வேண்டுமா? வேண்டாம். எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எதற்காக என்ற விவரம் வாக்கியத்தில் இருந்தால் வேறு பொருள் எழாது. விவரம் எதுவும் இல்லாமல், தெரியாத ஆளைப் பற்றி மொட்டையாகச் சொல்லும்போதுதான் பொருள் சாய்கிறது.

'லேர்ன்' என்பதற்கும் 'பிக் அப்' என்பதற்கும் என்ன வித்தியாசம்?

எனக்கு மிகவும் பிடித்த வித்தியாசம் இது. 'லேர்ன்' என்றால் கற்பது. வகுப்புக்குப் போயிருக்கலாம், புத்தகம் வாங்கியிருக்கலாம், உட்கார்ந்து உழைத்திருக்கலாம். 'பிக் அப்' என்றால் பக்கத்தில் இருந்து, காதால் கேட்டு, கண்ணால் பார்த்து வந்தது. "ஹி பிக்ட் அப் ஸ்பானிஷ் ஃப்ரம் ஹிஸ் ரூம்மேட்" என்றால் அறைத்தோழரிடம் பேசிப் பேசியே ஸ்பானிஷ் வந்துவிட்டது. தமிழில் 'பையன் டக்கென்று பிடித்துக்கொண்டான்' என்கிறோமே, அதேதான்.

அதனால் வேலைக்கான விண்ணப்பத்தில், மூன்று வருடம் உழைத்துப் படித்த ஒரு திறமையை 'பிக்ட் அப்' என்று எழுதாதீர்கள். உங்கள் உழைப்பை நீங்களே குறைத்துச் சொல்வதாக ஆகிவிடும். அங்கே 'லேர்ன்ட்', 'அக்வயர்ட்', 'ட்ரெய்ன்ட்' போன்ற சொற்கள் நியாயமானவை. மாறாக, யாரிடமும் முறையாகப் படிக்காமல் ஒரு மொழி பேசுகிறீர்கள் என்று பெருமையாகச் சொல்ல வேண்டுமானால் பிக் அப்பை விடச் சரியான சொல் கிடையாது.

பழக்கத்துக்கும் இப்படியே. "பிக் அப் எ பேட் ஹேபிட்" என்றால் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரும் திட்டமிட்டுக் கெட்ட பழக்கத்தைப் படிப்பதில்லை என்பதால் இந்தச் சொல் அங்கே அவ்வளவு பொருத்தம்.

'டேக் அப்' என்பதும் இதுதானே?

இல்லை. "ஷி டுக் அப் பெயின்டிங்" என்றால் ஓவியத்தில் இறங்குவோம் என்று முடிவு செய்து தொடங்கினாள். முடிவு அவளுடையது. பிக் அப்பில் முடிவு என்ற ஒன்று இருக்க வேண்டியதில்லை.

நோய்க்கு 'பிக் அப்' சொல்லலாமா? 'கேட்ச்' சொல்ல வேண்டாமா?

இரண்டும் சொல்லலாம். 'கேட்ச் எ கோல்ட்' மிகப் பரவலானது. 'பிக் அப்' போடும்போது எங்கிருந்து தொற்றியது என்ற எண்ணம் கூடவே வருகிறது: "ஐ பிக்ட் அப் எ பக் ஆன் த ட்ரிப்." 'பக்' என்றதும் பூச்சியைப் பொறுக்கியதாக நினைக்க வேண்டாம். பேச்சு வழக்கில் சின்ன தொற்றுநோய்க்கு அந்தப் பெயர். மலேரியா போன்ற கடுமையான நோய்க்கு, அதுவும் மருத்துவ அறிக்கையிலோ செய்தியிலோ, 'கான்ட்ராக்ட்' என்ற வினை வரும். ஒப்பந்தம் என்ற அர்த்தத்தில் நமக்குத் தெரிந்த அதே எழுத்துகள்தான். வினையாக வரும்போது 'ராக்ட்' என்ற பகுதி அழுத்தம் பெறும்.

"சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்" என்பதில் யார் எதை எடுக்கிறார்கள்?

யாரும் எதையும் எடுக்கவில்லை. இது முதல் படம்: கீழே கிடந்தது எழுகிறது. இந்த அர்த்தத்தில் வரும்போது பின்னால் எந்தப் பொருளும் வராது. இலக்கணப்படி செயப்படுபொருள் குன்றிய வினை. வாக்கியம் 'அப்'போடு நின்றுவிட்டால் முதலில் இந்த அர்த்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வியாபாரம் பிக் அப் ஆகும், காற்று பிக் அப் ஆகும், பொருளாதாரம் பிக் அப் ஆகும், உடல்நிலை பிக் அப் ஆகும். இணைச்சொல் ஒவ்வொன்றுக்கும் மாறுகிறது. வியாபாரத்துக்கு 'இம்ப்ரூவ்', 'இன்க்ரீஸ்'. பொருளாதாரத்துக்கு 'ரெகவர்'. காற்றுக்கு 'ஸ்ட்ரெங்தன்'. காற்று ரெகவர் ஆகாது, அதனால் இணைச்சொல் பட்டியலை அப்படியே எடுத்து எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பு மந்தமாக இருந்தது என்ற குறிப்பு இதில் ஒளிந்திருக்கிறது. ஏற்கெனவே அமோகமாக நடக்கும் வியாபாரத்தைப் பார்த்து 'பிக்கிங் அப்' என்று பாராட்டினால், 'இத்தனை நாள் படுத்துக் கிடந்தது' என்று சொன்னதாக ஆகிவிடும்.

"லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே" என்று வந்த மின்னஞ்சலுக்கு என்ன பொருள்?

இந்த வரி எனக்கே வந்திருக்கிறது. திங்கள்கிழமை எங்கோ போய் எதையோ வாங்கி வர வேண்டும் என்று நினைத்து, எதை என்று கேட்டுப் பதில் எழுதினேன். அவர் சொன்னது 'இந்தப் பேச்சைத் திங்களன்று தொடருவோம்' என்பதே. இணைச்சொல் 'ரெஸ்யூம்', 'கன்டின்யூ'. கீழே வைத்த பேச்சை மறுபடி கையில் எடுப்பதாக நினைத்தால் படம் உடனே பொருந்துகிறது. "பிக் அப் வேர் வி லெஃப்ட் ஆஃப்" என்றால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது.

அலுவலகத்தில் இதன் உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. "குட் யூ பிக் திஸ் அப்?" என்று ஒரு வேலையைச் சுட்டிக் கேட்டால், அந்த வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்கள். "பிக்கிங் அப் ஆன் வாட் யூ செட்" என்று தொடங்கினால், நீங்கள் சொன்ன ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு மேலே பேசப்போகிறார்கள்.

'பிக் அப் ஆன்' தனிச் சொல்லா?

ஆம், தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள். பேச்சை மறுபடி தொடுவதைத் தவிர இதற்கு இன்னொரு முக்கியமான அர்த்தம் உண்டு. வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை உணர்ந்துகொள்வது. "ஷி வாஸ் அப்செட், பட் நோபடி பிக்ட் அப் ஆன் இட்." அவள் மனம் நொந்திருந்தாள், ஆனால் அது யாருக்கும் பிடிபடவில்லை. இணைச்சொல் 'நோட்டிஸ்'. ஆனால் நோட்டிஸில் கண் மட்டும் போதும். பிக் அப் ஆனில் கொஞ்சம் மனமும் வேண்டும்.

'பிக் அப் ஆஃப்டர்' இன்னொரு தனிச் சொல். ஒருவர் இறைத்துப் போட்டதை அவர் பின்னாலேயே போய் ஒழுங்கு செய்வது. அமெரிக்க ஆங்கிலத்தில் "பிக் அப் யுவர் ரூம்" என்றால் அறையை ஒழுங்குபடுத்து. பிரிட்டிஷ்காரர்கள் அதை 'டைடி அப்' என்பார்கள்.

போன், ரேடியோ, மைக்: இவற்றில் வரும் 'பிக் அப்' ஒன்றுதானா?

இரண்டு வகை. "நோபடி பிக்ட் அப்" என்றால் யாரும் போனை எடுக்கவில்லை. இணைச்சொல் 'ஆன்சர்'. ரிசீவரைக் கையால் தூக்கிய காலத்துச் சொல் இது. இன்று திரையை விரலால் தள்ளினாலும் ஆங்கிலத்தில் பிக் அப்தான், தமிழிலும் 'எடு'தான். பழைய கருவி போய்விட்டது, இரு மொழியிலும் வினை மட்டும் தங்கிவிட்டது.

மற்றது, நுண்ணிய ஒன்றை உள்வாங்குவது. ரேடியோ ஒரு நிலையத்தை பிக் அப் செய்யும், மைக் சின்ன ஓசையைக்கூட பிக் அப் செய்யும், நாய் வாசனையை பிக் அப் செய்யும். இணைச்சொற்கள் 'டிடெக்ட்', 'ரிசீவ்'. எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே பொருத்தப்படும் கருவிக்கு 'பிக்கப்' என்று பெயர் வந்ததும் இந்த அர்த்தத்தில்தான். காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட அந்தக் கருவி, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி அனுப்புகிறது.

தமிழில் மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

'எடு' என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். ஆனால் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், பிக் அப்புக்கு 'எடு'வைவிட நெருக்கமான சொந்தம் 'பிடி'.

பாருங்கள். சளி பிடிக்கிறது. வியாபாரம் சூடு பிடிக்கிறது. ரயில் வேகம் பிடிக்கிறது. நாய் மோப்பம் பிடிக்கிறது. போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. கெட்ட பழக்கம் பிடித்துக்கொள்கிறது. சொல்லாமல் விட்டது பிடிபடுகிறது. ஏழு இடத்திலும் ஆங்கிலத்தில் பிக் அப் போட முடியும்!

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 'பிடி' என்றதும் நம் மனம் 'கேட்ச்' என்ற சொல்லுக்கு ஓடுகிறது. சளிக்கு கேட்ச் சரி. வேகத்துக்கும் வியாபாரத்துக்கும் கேட்ச் போட்டால் ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. 'த ட்ரெய்ன் பிக்ட் அப் ஸ்பீட்' என்றுதான் வர வேண்டும். ஆக, தமிழில் 'பிடி' வரும் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது பந்து, திருடன் மாதிரி ஓடுவதைப் பிடிப்பதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஓடுவதைப் பிடித்தால் கேட்ச். தானாக வந்து சேர்ந்தாலோ, மெல்ல ஏறினாலோ பிக் அப்பைப் போட்டுப் பாருங்கள். இது இலக்கண விதி அல்ல, எனக்குப் பலமுறை கைகொடுத்த ஒரு சோதனை.

'இட்', 'ஹிம்' போன்ற சொற்களை எங்கே வைப்பது?

நடுவில். "பிக் இட் அப்" சரி, "பிக் அப் இட்" தவறு. இதற்கு விலக்கு கிடையாது.

முழுப் பெயர்ச்சொல்லாக இருந்தால் இரண்டு பக்கமும் போகலாம்: "பிக் அப் த பேக்", "பிக் த பேக் அப்". பெயர் நீளமாக இருந்தால் பின்னால் வைப்பதே நல்லது. 'தரையில் சிதறிக் கிடக்கும் எல்லாக் காகிதங்களையும்' என்ற அளவுக்கு நீளமான ஒன்றை நடுவில் வைத்துவிட்டு, கடைசியில் 'அப்' சொன்னால் கேட்பவர் அதற்குள் வினையை மறந்திருப்பார். 'பிக் அப் ஸ்பீட்' போன்ற நிலைத்த தொடர்களைப் பிரிக்காமல் விடுங்கள். 'பிக் அப் ஆன்' என்பதில் 'இட்' கடைசியில்தான் வரும்.

ஒரே சொல்லாக எழுதுவதா, இரண்டாகவா? உச்சரிப்பு மாறுமா?

வினையாக வந்தால் இரண்டு சொல். பெயராக வந்தால் சேர்த்து ஒரே சொல், சிலர் நடுவில் சிறு கோடு போடுவார்கள். 'பிக்கப் ட்ரக்', 'பிக்கப் பாயின்ட்' எல்லாம் பெயர்வகை. களைப்பு நீங்கக் குடிக்கும் அல்லது சாப்பிடும் ஒன்றை 'பிக்-மீ-அப்' என்பார்கள், அதற்குக் கோடு உண்டு.

அழுத்தமும் மாறும். பெயரில் 'பிக்' மேல் அழுத்தம், வினையில் 'அப்' மேல். கேட்கும்போது சொற்கள் ஒட்டிக்கொள்வதால், "பிக் இட் அப்" என்பது 'பிக்கிடப்' என்றே காதில் விழும். 'பிக்ட்' என்பதை 'பிக்கெட்' என்று இரண்டு அசையாக இழுக்காதீர்கள். எழுத்தில் அப்படி இருந்தாலும் ஒலியில் ஒரே அசைதான்.

எதிர்ச்சொல் என்ன?

அர்த்தத்துக்கு ஓர் எதிர்ச்சொல். கையில் எடுப்பதற்கு 'புட் டவுன்'. ஆளை ஏற்றுவதற்கு 'ட்ராப் ஆஃப்'. போனை எடுப்பதற்கு 'ஹேங் அப்', இதிலும் ஓர் 'அப்' இருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். வேகம் எடுப்பதற்கு 'ஸ்லோ டவுன்'. வியாபாரம் எழுவதற்கு எதிராகவும் 'ட்ராப் ஆஃப்' வரும், அப்போது சரிவது என்று பொருள். பழக்கத்துக்கு 'கிவ் அப்'. எந்த அர்த்தத்தில் பிக் அப் வந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், எதிர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். பொருந்தும் எதிர்ச்சொல்லே அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்கும்.

'பிக் அவுட்', 'பிக் ஆன்' ஆகியவையும் இதே குடும்பமா?

வினை ஒன்று, அர்த்தம் தொலைவு. 'பிக் அவுட்' என்றால் பலவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது அல்லது கூட்டத்தில் ஒருவரை அடையாளம் காண்பது. 'பிக் ஆன்' என்றால் ஒருவரையே குறிவைத்துச் சீண்டுவது. இதை 'பிக் அப் ஆன்' என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. "ஹி பிக்ட் அப் ஆன் மீ" என்று எழுதினால் 'என்னைச் சீண்டினான்' என்ற பொருள் வராது.

எழுத்தில் இதைத் தவிர்த்து இணைச்சொல்தான் எழுத வேண்டுமா?

அப்படி ஒரு பொது விதி சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளாதாரச் செய்திகளில் 'பிக் அப்' தாராளமாக வருகிறது. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரை, சட்ட ஆவணம், அதிகாரபூர்வக் கடிதம் போன்றவற்றில் ஒற்றைச் சொல் நல்லது. காரணம், அதற்கு அர்த்தங்கள் குறைவு. பிக் அப்புக்குப் பல.

'கலெக்ட்', 'அக்வயர்', 'டிடெக்ட்', 'ரெஸ்யூம்' போன்ற ஒற்றைச் சொற்களுக்குக் கனம் எப்படி வந்தது என்பதற்கு வரலாறு உண்டு. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆண்டது, படிப்பில் லத்தீன் ஆண்டது. அந்த வழிகளில் வந்த சொற்கள் இன்றும் சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. வீட்டிலும் வயலிலும் புழங்கிய சின்னச் சொற்கள் பேச்சின் பக்கம் தங்கின. தமிழில் 'தொடங்கு' என்பதற்கும் 'ஆரம்பி' என்பதற்கும் 'துவக்க விழா' என்பதற்கும் இடையே நாம் உணரும் வேறுபாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சில் இதற்கு நேர்மாறு. நண்பரிடம் "ஐ அக்வயர்ட் எ ஃப்யூ வேர்ட்ஸ் ஆஃப் ஃப்ரெஞ்ச்" என்றால் இலக்கணம் சரி, காது ஒப்பாது. அங்கே 'பிக்ட் அப்' சொல்லுங்கள்.

"வண்டியில் பிக்கப் இல்லை" என்று நாம் சொல்வது தவறான ஆங்கிலமா?

இல்லை. சட்டென்று வேகம் எடுக்கும் திறன் என்ற பொருள் அமெரிக்க ஆங்கில அகராதியிலும் இருக்கிறது. பரவலாகப் புரிய வேண்டுமானால் 'ஆக்ஸிலரேஷன்' என்று சொல்லலாம். படம் பிக்கப் ஆவதும் நல்ல ஆங்கிலமே: "த ஸ்டோரி பிக்ஸ் அப் ஆஃப்டர் த இன்டர்வல்." ஆங்கிலத்தில் வினையாக இருப்பதைத் தமிழில் பெயராக்கி 'ஆகு', 'பண்ணு' சேர்த்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்குத் திரும்பும்போது அந்த 'ஆகு'வைக் கழற்றிவிட வேண்டும். 'கெட்டிங் பிக்கப்' என்று எழுதக் கூடாது.

பணம் கட்டுவதற்கும் 'பிக் அப்' வருமாமே?

வரும். "ஷி பிக்ட் அப் த டேப்" என்றால் மொத்த பில்லையும் அவளே கட்டினாள். மேசையில் கிடக்கும் ரசீதைக் கையில் எடுப்பவரே கட்டுபவர். "பிக் அப் எ பார்கெய்ன்" என்றால் மலிவாக ஒன்றை வாங்குவது.

புதிதாக ஒரு வாக்கியத்தில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்னால் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் எழுச்சி, அல்லது போன். கையில் அடங்கும் பொருள் என்றால் எடுப்பது, அல்லது வாங்கி வருவது. ஆள் என்றால் ஏற்றுவது, அப்புறம் சூழலைப் பார்த்து மற்ற இரண்டு. மொழி, பழக்கம் என்றால் ஒட்டிக்கொள்வது. ஓசை, வாசனை என்றால் உணர்வது. 'திஸ்' என்று ஒரு பேச்சையோ வேலையையோ சுட்டினால் தொடர்வது அல்லது ஏற்பது.

முயன்று பாருங்கள்: "ஐ பிக்ட் அப் மை டாட்டர் அட் ஃபோர். ஷி ஹேட் பிக்ட் அப் எ கோல்ட், சோ வி ஸ்டாப்ட் டு பிக் அப் சம் மெடிசின். த விண்ட் வாஸ் பிக்கிங் அப். யூ கால்ட், பட் ஐ குடன்ட் பிக் அப். கேன் வி பிக் திஸ் அப் டுமாரோ?"

ஆறு முறை வந்திருக்கிறது. நாலு மணிக்கு மகளை அழைத்துக்கொண்டேன். அவளுக்குச் சளி பிடித்திருந்தது, அதனால் வழியில் நிறுத்தி மருந்து வாங்கிக்கொண்டோம். காற்று பலமாகிக்கொண்டிருந்தது. நீங்கள் கூப்பிட்டீர்கள், என்னால் போனை எடுக்க முடியவில்லை. நாளைக்கு இதைத் தொடரலாமா?